கீரியின் பெயரும் என் கார்டும்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நீ நேற்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். டியூட்டி முடிந்து வந்து, குளிக்காமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டேன். "அப்பா, நீங்க ஒரு வார்த்தை குரூப்ல சொன்னாப் போதும். ஓடிப்போனவன் பேரு உங்க பேருக்குப் பக்கத்துல வரலாமா? எனக்கு மனசே ஆறல" என்கிறாய். உன் குரலில் அவ்வளவு கோபம். எனக்காகக் கோபப்படுகிறாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதி, படம் எடுத்து, முதலில் உனக்கு அனுப்புவேன். பத்து நிமிடம் கழித்து கபடிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிடுவேன். உன்னிடம் சம்மதம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் மகன் வேண்டாமென்றான் என்று அந்தப் பழியையும் உன் தலையில் கட்டிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் அபுதாபியில் கபடிப் போட்டி நடத்த ஆரம்பித்து இந்த வருஷத்தோடு இருபத்தைந்து வருஷம். அதற்காக ஒரு பெருமைப் பலகை வைக்கப் போகிறார்கள். ஐந்து பேருடைய பெயர். தேர்வுக் கமிட்டியில் உன்னையும் போட்டிருக்கிறார்கள். பழைய ஆட்கள் சிலர் கீரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நீ பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, அதில் கீரி என்றோ செல்லத்துரை என்றோ ஒரு ஆட்டக்காரனே இல்லை என்றும், மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த ரைடர் என்று எழுதியிருப்பது உன் அப்பாவின் பெயர் என்றும் குரூப்பில் போட்டாய். நாலாவது வருஷம் இறுதி ஆட்டத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே 'காயம், மாற்று ஆள்' என்று எழுதியிருப்பதை வட்டம் போட்டுக் காட்டி, "எங்கப்பா அடிபட்டு வெளியே வந்தார், இந்தக் கீரி எதிர் டீம் கொடுத்த விசாவுக்காகப் பாதி ஆட்டத்தில் ஓடினான்" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே அறுபது பேர் கைதட்டியிருந்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தம்பி, அந்த இரண்டு ஆளும் ஒரே ஆள். அடிபட்டவனும் அவன்தான், ஓடினான் என்று பேர் வாங்கியவனும் அவன்தான். ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர் என்னுடையது. ஆடியது கீரி. அந்த நாலு வருஷத்தில் நான் களத்துக்குள் காலே வைக்கவில்லை.

என் முட்டி போனது அதற்கும் முந்தைய வருஷம். அதுவும் கபடியில் இல்லை, பட்டறையில் ஏணியிலிருந்து இறங்கும்போது. நான் சுமாரான கேட்சர், அவ்வளவுதான். இரண்டு ஆட்டம் நன்றாகப் பிடித்தால் மூன்றாவதில் கோட்டை விடுவேன். கீரி அப்படி இல்லை. கமுதிப் பக்கத்து ஆள். வெல்டராக வந்தவன். அவனுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, ஏழு மாதம் சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டதால் கேம்ப்பை விட்டு வெளியே வந்து கல்லிவல்லி ஆனவன். கல்லிவல்லி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கையில் காகிதம் இல்லாமல், கிடைத்த வேலையைச் செய்து, போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் நுழைகிற ஆள். எங்கள் அறையில் ஆறு கட்டில். ஏழாவதாக அவன் தரையில் படுத்தான். கேம்ப் பாஸ் சோதனைக்கு வருகிறான் என்றால் ஏசி மெஷின் வைத்திருந்த பின்பக்கத்து இடுக்கில் போய் நின்றுகொள்வான். உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைவதைப் பார்த்துத்தான் கீரி என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான்.

முதல் தடவை அவன் பாடிப் போவதைப் பார்த்தது முசஃபாவில் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த மணல் திடலில். வெள்ளிக்கிழமை மதியத் தூக்கத்துக்குப் பிறகு சும்மா ஆடுவோம். எல்லா ரைடரும் எதிராளியின் கையைப் பார்ப்பான், இவன் காலைப் பார்ப்பான். எந்தக் கால் மணலில் அழுந்துகிறது என்று பார்த்து, அந்த ஆள் பாய்வதற்கு முன்னாலேயே விலகிவிடுவான். பாட்டு அவன் வாயில் கேட்கவே கேட்காது, முணுமுணுப்புத்தான். நடுவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது மட்டும் கோட்டைத் தாண்டிய கையோடு தலையை ஒரு வெட்டு வெட்டுவான். அந்தத் திமிரைப் பார்க்கவே ஜெபல் அலியில் இருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். உன் குரூப்பில் 'கீரி மாதிரி ஒருத்தன் இனி வரமாட்டான்' என்று எழுதுகிற கிழவர்கள் அந்த பஸ்ஸில் வந்தவர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

அவனைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. நல்ல வாய்க்கொழுப்பு. பயிற்சிக்கு வரமாட்டான், வந்தால் குறை சொல்வான். கோழிக்குழம்பு வைக்கிற அன்றைக்கு முதல் ஆளாகத் தட்டை எடுப்பான், அதைக் கழுவ மட்டும் வேறு ஆள் வேண்டும். ஒரு தடவை நடுவரிடம், "உங்க கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடியா மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டு எங்களுக்கு ஒரு பாயிண்டைத் தொலைத்தான். என்னைச் 'சம்பந்தி' என்று கூப்பிடுவான். அவனுக்கு ஒரு மகள், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். "எம்மகளுக்கு ஒங்க பயலப் பேசி முடிச்சாச்சு, சீரெல்லாம் கேக்கப்படாது சம்பந்தி" என்று அறை முழுக்கச் சிரிக்க வைப்பான். தேவை என்று ஏதாவது கேட்கும்போது மட்டும் 'அண்ணே' என்பான்.

போட்டியில் ஆட வேண்டுமென்றால் பத்தாக்கா காட்ட வேண்டும். இங்குள்ள அடையாள அட்டைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. கல்லிவல்லிக்கு ஏது கார்டு? கீழக்கரைக்காரர் காதர் பாய் அப்போது முசஃபாவில் மளிகைக்கடை வைத்திருந்தார். எங்கள் டீமுக்குப் பனியன், பழம், வண்டி எல்லாம் அவர்தான். அவர் கடை வாசலில் நின்றுதான் இதைப் பேசினோம். "தம்பி, ஒங்க பேரு லிஸ்ட்ல சும்மாத்தானே கெடக்கு. ரெண்டு பேருக்கும் அதே மீசை, அதே நெத்தி. அந்தக் கார்டு போட்டோவுல ஒங்களையே ஒங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கார்டைக் கொடுத்தேன். இது அப்போது ஊரறிந்த தந்திரம், நாங்கள் மட்டும் செய்யவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கொடுப்பேன், ஆட்டம் முடிந்ததும் வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்வேன். மூன்று வருஷம் இப்படியே போனது. மூன்று கப். மூன்றிலும் பித்தளைத் தகட்டில் என் பெயர். பார்க்க வரும் கூட்டத்துக்கு அவன் வெறும் கீரி, ரிஜிஸ்டரில் என்ன பெயர் என்று அவர்கள் பார்த்ததில்லை. "எம்பேரு இல்லாத கப்பு எனக்கெதுக்கு" என்று அவன் ஒன்றில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் போட்டு வைத்திருந்தான். இன்றைக்கு நம் வீட்டு ஷோகேஸில் உன் அம்மா பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறாளே, அந்தக் கப்.

நாலாவது வருஷம் இறுதி ஆட்டம். முதல் பாதி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிர்ப்பக்கம் நாலு பேர் நிற்கிறார்கள். கீரி பாடிப் போனான், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான், மூன்றாவது ஆள் காலைப் பிடித்தான். தொடப்பட்ட இருவரும் சேர்ந்து மேலே விழுந்தார்கள். அதில் ஒருவனுடைய முட்டி இவனுடைய இடது விலாவுக்குக் கீழே இறங்கியதை நான் வெளியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். சத்தம்கூடக் கேட்டது. அப்படியும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். மூன்று பாயிண்ட். எழுந்தான், தலையை வெட்டவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்து, "அண்ணே, உள்ள என்னமோ பிசகிருச்சு" என்றான். அண்ணே என்றான்.

போட்டிக்கு முதலுதவிக்கென்று ஒரு டாக்டர் வந்திருந்தார். கையில் ஒரு பாரம். பெயர், கார்டு நம்பர், எந்த இடத்தில் அடி என்று எழுதிக்கொண்டுதான் தொடுவார். அவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். நான் எழுந்து, "மாஃபி முஷ்கில், ஒண்ணுமில்ல டாக்டர் சாப், சும்மா பிடிப்பு" என்று அவரை அங்கேயே நிறுத்தினேன். பிறகு கீரியின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய், காதர் பாயின் பிக்கப்பில், வெங்காய மூட்டைக்கும் தண்ணீர்ப் பெட்டிக்கும் நடுவில் உட்கார வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. வண்டி எங்கள் அறைக்குப் போனபின் டீமுக்கு வந்து மாற்று ஆளை இறக்கச் சொன்னேன். தோற்றோம். கூட்டம் கத்தியது, கீரி எங்கே, கீரி எங்கே என்று. எதிர் டீம்காரன் ஒருத்தன் விளையாட்டாகச் சொன்னான், "ஒங்க கீரிக்கு நாங்க விசா குடுத்துட்டம்ல." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இருக்கும்ப்பா, யாருக்குத் தெரியும்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். கல்லிவல்லிக்கு விசாவைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் நம்பினார்கள். ராத்திரிக்குள் அந்தப் பேச்சு சவூதியில் இருக்கும் தம்மாம் வரைக்கும் போய்விட்டது. உண்மை தெரிந்த அறைக்காரர்களும் கார்டு விஷயம் வெளியே வரும் என்று பயந்து மறுக்கவில்லை.

மறுநாள் காலை அவன் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நான் கொடுத்த பனடால் மாத்திரைப் பட்டை காலியாகியிருந்தது. வயிறு இறுகியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. நான் டியூட்டிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, கார்டைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்திர்றேன்" என்றான். நான், "இன்னைக்கி சைட்ல இன்ஸ்பெக்‌ஷன்டா. கார்டு இல்லாட்டி உள்ள விடமாட்டான். சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றேன். "சரிண்ணே" என்றான்.

அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லை, தம்பி. எனக்கு ஃபோர்மேன் பதவி வர இருந்தது. என் கார்டில் இன்னொருத்தன் ஆஸ்பத்திரியில் படுத்தால் விஷயம் வெளியே வரும், கம்பெனி விசாவைக் கேன்சல் அடித்து அனுப்பும், அதற்கு முன் ஜெயிலும் உண்டு என்று பயந்தேன். உன்னையும் அம்மாவையும் நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்த மாதிரிதான் அது. உண்மையில் அந்த நிமிடத்தில் உன் ஞாபகமே எனக்கு வரவில்லை. பர்ஸைத் தொட்டுப் பார்த்தேன், கார்டு இருந்தது, பஸ்ஸில் ஏறினேன். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தபோது அவனால் உட்கார முடியவில்லை. காதர் பாய் வண்டியில் தூக்கிக்கொண்டு போனோம். எமர்ஜென்சி வாசலில் ஒரு மலையாளி நர்ஸ். வயிற்றில் கை வைத்தவுடனே அவள் முகம் மாறியது. எப்போது அடிபட்டது, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். கார்டு இல்லை சிஸ்டர், அதனால்தான் என்று இழுத்தேன். "கார்டு இல்லேனா என்னா சேட்டா? இது எமர்ஜென்சி அல்லே? உயிருக்கு ஆபத்துன்னா கார்டு பின்னே நோக்கும். காலையிலே கொண்டு வந்திருக்கலாமே" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது தெரியாது. எங்கள் அறையில் ஏழு பேருக்கும் தெரியாது. கார்டு இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தால் நேராக ஜெயில் என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னதை நாங்களும் நம்பினோம், யாரும் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தால் கொண்டுபோயிருப்பேனா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். நிச்சயமாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இதுவரை காதர் பாயிடம்கூடச் சொன்னதில்லை. அவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். நர்ஸ் ஒரு தாளை எடுத்து, "இவர் பேரு என்ன? நீங்க ஆரு இவருக்கு?" என்று கேட்டாள். நான், "தெரியாது சிஸ்டர். ரோட்டோரம் கெடந்தார், தூக்கிட்டு வந்தேன்" என்றேன். கீரி ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். முழு நினைவோடு இருந்தான். என்னைப் பார்த்தான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவன் நர்ஸிடம் மெல்லச் சொன்னான்: "ஆமா சிஸ்டர், இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. பாவம், அவரை விட்டுருங்க." பிறகு அவனே தன் பெயரைச் சொன்னான். செல்லத்துரை. அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னான். நாலு வருஷத்தில் அந்த ஊரில் அவன் தன் பெயரை ஒரு தாளில் எழுத வைத்தது அந்த ஒரு தடவைதான். நான் வாசலைப் பார்த்து நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், பாதி தூரத்துக்கு மேல் ஓட்டம்தான். நீ ஓடிப்போனவன் யார் என்று கேட்டாயே.

மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாள் விடிகாலையில் போய்விட்டான். காதர் பாய்தான் விசாரித்து வந்து சொன்னார். ஊர்க்காரர்கள் யார் யாரோ அலைந்து காகிதங்களைச் சரிசெய்து உடலை அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. விசா வாங்கிக்கொண்டு எதிர் டீமின் கம்பெனிக்குப் போனவன், அங்கே வேலையில் விழுந்து செத்தான் என்று பேச்சு கட்டியது. அவன் மனைவிக்கும் மகளுக்கும்கூட இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் கமுதிக்காரர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பதினெட்டு வருஷம் அதை வாயிலேயே வைத்திருந்தேன். காதர் பாய் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும்போது, "விடுங்க தம்பி, போனது போச்சு, ரெண்டு பேரும் அல்லாகிட்ட பதில் சொல்லிக்குவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஃபோர்மேன் பதவி வந்திருந்தது.

அவன் போன நாலாம் மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். கிளம்புவதற்கு முன் அவன் சாமான்களை அறையிலிருந்து ஒழிக்கச் சொன்னார்கள். கப்புகளைக் குப்பையில் போட மனமில்லாமல் பெட்டியில் எடுத்து வைத்தேன், இது மட்டும் சத்தியம். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் நீ அவற்றைத் தூக்கிக்கொண்டாய். தகட்டில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாய். "அப்பா, நீங்களா ஜெயிச்சீங்க?" என்று கேட்டாய். அப்போதுகூட இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன் முகம் அப்படி இருந்தது. "ம்" என்றேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு என்னால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எடுக்க விரும்பவும் இல்லை. பிள்ளை அப்படிப் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று நாளைக்கு உனக்கும் தெரியும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் உன் பள்ளி டீம் தோற்றுக்கொண்டிருந்தபோது நீ பாதியில் வெளியே வந்துவிட்டாய் என்று அம்மா போனில் சொன்னாள். நான் உன்னைக் கூப்பிட்டு உபதேசம் செய்தேன். "எங்க டீம்ல ஒருத்தன் இருந்தான். பெரிய ஆட்டக்காரன். ஃபைனல்ல பாதியில ஓடிட்டான். இன்னைக்கி வரைக்கும் ஒரு பய அவன் பேர மரியாதையாச் சொல்றதில்ல. அந்த மாதிரி ஆயிராத" என்றேன். கீரி களத்தை விட்டு ஓடினான் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது ஊரில்லை, நான். உன்னைத் திருத்துவதற்கு எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான், செத்துப்போனவனை எடுத்துக்கொண்டேன். நேற்று உன் குரலில் இருந்த கோபம் நான் ஊட்டியது. அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது, உன் மேல் இல்லை.

இனி கமிட்டிக்காரனாக இருக்கிற உனக்கு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் குரூப்பில் இரண்டு கட்சி கிளம்பும். அடுத்தவன் கார்டில் ஆடியவனுக்குப் பெருமைப் பலகையா, அந்த மூன்று வருஷ வெற்றியே செல்லாது என்று ஒரு கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கப்பைத் திருப்பிக் கேட்டால் டீமின் பெயரில் நான் கொடுக்கத் தயார், டீமின் பெயரை அடிக்க வேண்டுமென்றால் அடிக்கட்டும். என் பெயரைப் பட்டியலிலிருந்து இன்றே நீக்கு. ஆனால் ஒன்றை எழுதி வைத்துக்கொள்: கார்டு கள்ளக் கார்டு, ஆட்டம் கள்ள ஆட்டம் இல்லை. உள்ளே கிழிந்த பிறகும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டவன் அவன். அந்த மூன்று பாயிண்ட் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே இருக்கிறது, போய்ப் பார். அவன் ஒழுக்கமானவனா, விதிகளை மதித்தவனா என்றெல்லாம் விவாதிப்பீர்கள். அந்த ஸ்ட்ரெச்சரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். உன் படிப்பு, இந்த வேலை எதுவும் இருந்திருக்காது. அவன் சொல்லவில்லை. உங்கள் விதிகளில் இதற்கு எத்தனை பாயிண்ட் என்று எனக்குத் தெரியாது.

மகனாக இருக்கிற உனக்கும் கொஞ்சம். இப்போது ஜெபல் அலி கிடங்கில் உனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதில் ஒருத்தன் என்றைக்காவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்பான். அன்றைக்கு உனக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கும், மேலாளர் வந்திருப்பார், அவனுடைய காகிதத்தில் ஏதாவது குறை இருக்கும். சாயங்காலம் பார்த்துக்கலாம் என்று நாக்கு நுனிக்கு வரும். நல்ல மனிதர்களுக்குத்தான் அந்த வார்த்தை சுலபமாக வரும், நானும் அன்றுவரை நல்லவன் என்றுதான் பெயர் வாங்கியிருந்தேன். வண்டியை எடு, அவனைக் கொண்டுபோ. யார் என்று கேட்டால் என் ஆள் என்று சொல். வேறு எந்தப் புத்திமதியும் சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் இதுவரை சொன்னவற்றை நீ மறந்தாலும் பரவாயில்லை.

இந்த மாதக் கடைசியில் எனக்கு விசா கேன்சல். இந்தக் கடிதத்தால் அதற்குள் கேஸ் ஏதாவது வந்தால் வரட்டும், முட்டியும் முடியும் போன ஆளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள். ஊருக்கு வந்ததும் முதலில் அந்தக் கப்புகளை எடுத்துக்கொண்டு கமுதிக்குப் போகிறேன். அம்மாவிடம் ஷோகேஸ் சாவியை எடுத்து வைக்கச் சொல். தகட்டில் இருக்கும் பெயரை யாரும் சுரண்ட வேண்டாம். யார் பெயரில் தன் அப்பா ஆடினார் என்று கீரியின் மகள் படிக்கட்டும், படித்துவிட்டு என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். நீ என்னோடு வர வேண்டாம். வருகிறேன் என்று சொன்னால் தடுக்க மாட்டேன். என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினாலும் சரி, எத்தனை நாளானாலும் சரி. உன் போனுக்காகக் காத்திருப்பேன் என்பதை மட்டும் மறைக்க மாட்டேன்.

கமிட்டி அனுப்பிய பரிந்துரைப் பாரத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர்: செல்லத்துரை. அழைக்கும் பெயர்: கீரி. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பரிந்துரைப்பவரின் கார்டு நம்பர் கேட்டிருந்தார்கள். பர்ஸிலிருந்து கார்டை எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, அவன் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் அவன் என்னிடம் கேட்டது இதைத்தான்.

உன் அப்பா